இல்லத்துச் செங்கோல்

ஒவ்வோர் இல்லத்திற்கும் ஏட்டில் எழுதாச் சட்டங்கள் சில உண்டு. வெளியே சென்று வந்தவர் கால் கழுவாமல் உள்ளே நுழைதல் கூடாது. விளக்கேற்றும் வேளையில் படுத்து உறங்குதல் கூடாது. பெரியோர் பேசும்போது குறுக்கிடுதல் கூடாது. இவற்றை இயற்றியவர் இன்னார் என்று எவராலும் கூற இயலாது. பாட்டி சொன்னார், அவருக்கு அவருடைய பாட்டி சொன்னார். மீறிய பிள்ளையை என்ன செய்வது என்பதும் அவ்வாறே வழிவழியாக வந்தது. சில வீடுகளில் ஒரு பார்வையே போதும். சில வீடுகளில் ஓர் அதட்டல் வேண்டும். புளிய விளாறு வைத்திருந்த வீடுகளும் உண்டு.

திரைக்குரிய சட்டமோ அத்தகைய பழமை உடையதன்று. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது 1975ஆம் ஆண்டில். அந்நாளில் ஒரு தெருவில் ஓரிரு வீடுகளில் பெட்டி இருந்தாலே பெரிது. ஒளிபரப்பும் மாலையில் சில மணி நேரமே நிகழும். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டி தானே அடங்கிவிடும். ஆதலின் பிள்ளையைத் தடுக்கும் வேலையைத் தந்தைக்கு வையாமல் நிலையத்தாரே செய்து முடித்தனர் எனலாம். கைப்பேசிக்கு அவ்வாறு அடங்கும் வேளை இல்லை. மேலும், 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, ‘அதைத் தொடாதே’ என்று விலக்கிய பெற்றோரே, ‘இதில் பாடம் வருகிறது, கேள்’ என்று பிள்ளையின் கையில் அதனை எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. விலக்கிய பொருளே வகுப்பறை ஆயிற்று. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. கைப்பேசி மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

இந்நிலையில் பெற்றோர் தாமே புதிய சட்டம் இயற்ற வேண்டியவர் ஆயினர். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டா, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது. பள்ளிப் பருவத்தாரைப் பற்றி 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையோ, பொழுதுபோக்கிற்காகத் திரைமுன் அமரும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கூறியதேயன்றி, இத்தனை மணி என்று எண் குறிக்கவில்லை. எண்ணைக் குறிக்கும் பொறுப்பு இல்லத்தார் தலையில் விழுந்தது. அதுவும் எளிதே. சட்டம் மீறப்படும் நாளில் செய்யத்தக்கது யாது என்று அறிவதே அரிது.

காவிரிக் கரையில் உள்ள ஓர் ஊரில் தையற்காரர் ஒருவர் வாழ்ந்து வந்தார். கடைத்தெருவில் அவருக்குச் சிறு கடை ஒன்று இருந்தது. மனைவி, முதிய தாய், ஒன்பதாம் வகுப்பு மகன், நான்காம் வகுப்பு மகள் ஆகியோரே குடும்பத்தார். வீட்டில் இருந்த கைப்பேசிகள் இரண்டு. தந்தையுடையது கடைக்குப் போய்விடும். தாயுடையது வீட்டில் இருக்கும். பள்ளியிலிருந்து செய்தி வருவதும் அதில்தான். மகன் விளையாடுவதும் அதில்தான்.

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது அவ்வீட்டுச் சட்டம். மாலையில் வீட்டுப்பாடம் முடித்தபின் மகனுக்கு ஒரு மணி நேரம்; மகளுக்கு அரை மணி நேரம்; உண்ணும்போது எவரும் கைப்பேசியைத் தொடுதல் கூடாது; இரவு ஒன்பது மணிக்கு அது பாட்டியின் அறையில் உள்ள மாடத்தில் இருக்க வேண்டும். மீறினால் யாது என்பது மட்டும் அத்தாளில் எழுதப்படவில்லை. அது சிறு குறையாக அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் தாய் கைப்பேசியை எடுத்தார். இரவில் நிறைத்து வைத்த மின்னூட்டம் முற்றும் தீர்ந்திருந்தது. மகனை வினவினார்.

“எனக்குத் தெரியாது, அம்மா” என்றான் அவன். அதனோடு நில்லாமல், “தங்கைதான் விடியற்காலையில் எடுத்துப் பொம்மைப் படம் பார்த்திருப்பாள்” என்றும் சேர்த்துச் சொன்னான்.

சிறுமி இல்லை இல்லை என்று அழுதாள். பள்ளிக்குப் புறப்படும் பரபரப்பில் வழக்கை ஆராய எவருக்கும் பொழுதில்லை. அன்று மாலை அவளுக்குரிய அரை மணி நேரம் மறுக்கப்பட்டது. குற்றம் ஒருவன் செய்ய, தண்டம் மற்றொருத்தி இறுத்தாள்.

பாட்டி இரவில் உறக்கம் குறைந்தவர். அடுத்த நாள் நள்ளிரவில் மாடத்தருகே நிழல் ஒன்று அசைவதைக் கண்டு மகனை எழுப்பினார். தையற்காரர் எழுந்து சென்று பார்த்தபோது, பையனின் போர்வைக்குள் நீல ஒளி தெரிந்தது. போர்வையை விலக்கினார். “பொய் வேறு சொல்லக் கற்றுக்கொண்டாயோ?” என்றார், சொல் முடியுமுன் கை விழுந்தது. இரண்டு அடி. பையன் அழவில்லை. அதனைக் கண்டு தந்தைக்குச் சினம் மேலும் மூண்டது.

இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் முதல் பையன் மீண்டும் எடுத்தான். இம்முறை பாட்டியின் மூச்சு ஒரே சீராக வரும் வரையில் காத்திருந்தான். திரையின் ஒளியைக் குறைத்தான். விடியுமுன் மின்னூட்டத்தை நிரப்பி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தான். இரண்டு அடி அவனுக்குக் கற்பித்த பாடம் இவ்வளவே.

அடியின் இயல்பு அது. ‘நான் செய்தது தவறுதானா?’ என்று பிள்ளை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரத்தில், ‘இனி அகப்படாமல் இருப்பது எப்படி?’ என்று கேட்கும்படி செய்துவிடுகிறது. சுவீடன் நாட்டார் 1979ஆம் ஆண்டிலேயே வீட்டிலும் பிள்ளையை அடித்தல் ஆகாது என்று சட்டம் செய்தனர். உலகில் அவ்வாறு செய்தவருள் அவர்களே முதல்வர். இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையின் உடலையோ உள்ளத்தையோ வருத்தும் தண்டனையை விலக்கிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2018ஆம் ஆண்டில், அடித்தலும் இழித்துரைத்தலும் பயன் தாரா. தீங்கே தரும் என்று பெற்றோர்க்கு அறிவுறுத்தியது. இவையெல்லாம் பிற்காலத்தார் கண்டவை. திருவள்ளுவர் அரசனைப் பற்றிப் பேசும் பகுதியில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தியிருக்கும் முறை எண்ணத்தக்கது. ஒறுத்தல் வேண்டா என்று அவர் கூறினாரல்லர். கேட்டவர் அஞ்சி நடுங்கும்படி ஒறுத்தலைத்தான் விலக்கினார். முடியரசர்க்குச் சொன்னது அடுக்களை அரசர்க்கும் பொருந்தும் அன்றோ?

ஒரு வாரம் கழிந்தது. பையன் வகுப்பில் உறங்கி விழுவதாக ஆசிரியர் கடைக்கு வந்து சொன்னார். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. தையற்காரர் வீட்டிற்கு வந்து மனைவியின் கைப்பேசியை ஆராய்ந்தார். எந்த நாளில் எந்தச் செயலி எவ்வளவு நேரம் இயங்கிற்று என்று அக்கருவி தானே கணக்கு எழுதி வைக்கும். பையன் அதனை அறிந்திலன். ஐந்து இரவுகளில் 11 மணி நேரம் என்று அது காட்டிற்று.

“பேசாமல் என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடு” என்றார் பாட்டி. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்றார் மனைவி. தையற்காரர் உடனே விடை கூறவில்லை.

பூட்டினால் மட்டும் இக்குறை தீராது என்பதற்கு நாடுகளே சான்று. தென்கொரியா 2011ஆம் ஆண்டில், பதினாறு வயது நிறையாதோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டில் நுழையலாகாது என்று விதித்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து நுழைந்தனர். அச்சட்டம் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு கைவிடப்பட்டது. சீன அரசு 2021ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிறையாதோர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை ஆகிய நாள்களில் மட்டும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரு மணி நேரம் என்று இறுக்கிக் கட்டியது; விளையாட்டு நடத்தும் பெருநிறுவனம் ஒன்று, ஆடுபவர் முகத்தைக் கருவியால் அடையாளம் கண்டு பிள்ளைகளை வெளியேற்றும் முறையையும் கொண்டுவந்தது. ஜப்பானில் ககாவா என்னும் மாநிலம் 2020ஆம் ஆண்டில் வேறு வழி கண்டது. பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம் என்று அளவு கூறி, மீறியவர்க்குத் தண்டனை ஒன்றும் விதியாமல், அதனைக் காக்கும் கடமையைப் பெற்றோர்க்கே விட்டுவிட்டது. படையும் காவலும் உடைய அரசுகள் சுற்றிச் சுற்றி வந்து நிற்குமிடம் இல்லத்தின் வாயிலே.

மறுநாள் கடையில் அமர்ந்து துணி வெட்டும்போது தையற்காரருக்குத் தம் இளமை நினைவிற்கு வந்தது. தொழில் கற்கப் புகும் சிறுவர்க்கு முதலில் கொடுக்கும் வேலை காஜா எடுத்தல். அதாவது, பொத்தான் துளையின் ஓரத்தைக் கையால் நெருக்கி நூலிட்டுத் தைத்தல். அவரும் அவ்வாறு தொடங்கியவரே. ஒரு நாள் விளையாட்டு நினைவில், ஒரு சட்டையின் காஜாக்களை எல்லாம் தளரத் தைத்துவிட்டார். கடையின் மாஸ்டர் அச்சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. சவரத்தகடு ஒன்றைக் கையில் கொடுத்து, “பிரித்துவிட்டு மறுபடி எடு” என்றார். பிரித்தல் தைத்தலினும் கடிது. துணி கிழியாமல் ஒவ்வொரு நூலாக எடுக்க வேண்டும். மற்றவர் எல்லாம் வீடு சென்றனர். மாஸ்டர் மட்டும், பையன் முடிக்கும் வரையில், எதிரே அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் கையில் காஜா தளர்ந்ததில்லை. அம்மாஸ்டர்மேல் அவருக்குக் கசப்பும் தோன்றியதில்லை.

தையற்காரர் அறியாமலே வந்து சேர்ந்த இவ்விடத்திற்கு மேனாட்டு அறிஞர் சிலரும் வந்திருக்கின்றனர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கில அறிஞர் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், பொம்மைகளை இறைத்த குழந்தையே அவற்றைப் பொறுக்கி அடுக்க வேண்டும். அடுக்க மறுத்தால், அடுத்த முறை கேட்கும்போது பொம்மைப் பெட்டி அதற்குக் கிடைக்கலாகாது என்று எழுதினார். குற்றத்திலிருந்தே விளையும் பயனைத் தண்டமாக்குதல் அவர் கருத்து. சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலார் ழான் பியாஜே, சிறுவர் கோலி விளையாடுவதை அருகிருந்து ஆராய்ந்து 1932ஆம் ஆண்டில் நூல் ஒன்று இயற்றினார். குற்றத்தோடு தொடர்பில்லாமல் வருத்துவதற்காகவே தரும் தண்டனை ஒரு வகை. செய்ததன் விளைவைச் செய்தவனுக்கு உணர்த்தும் தண்டனை மற்றொரு வகை என்று அவர் பிரித்தார். மிகச் சிறிய பிள்ளைகள் கடுமையான தண்டனையே நியாயம் என்று கருதுவதையும், வளர வளர இரண்டாம் வகையே நேர்மை என்று அவர்கள் உணர்வதையும் கண்டார்.

உறக்கம் கெட்டதன் இயற்கைப் பயன் தேர்வில் வந்து நிற்கும் என்று விட்டுவிடலாமே எனின், அது பல மாதம் கழித்து வருவது. அதற்குள் கேடு முதிர்ந்துவிடும். ஆகவே அருகிலேயே ஒரு விளைவைப் பெற்றோர் அமைக்க வேண்டியிருக்கிறது.

அன்று இரவு உணவு முடிந்தபின் தந்தை மகனை அழைத்தார்.

“தம்பி, இங்கே வந்து உட்கார். அடிக்க மாட்டேன். அன்று அடித்தது என் பிழை. ஆனால் இந்தக் கணக்கைப் பார்.”

பையன் கைப்பேசியைப் பார்த்தான். 11 மணி என்னும் எண்ணைக் கண்டதும் அவன் முகம் வெளிறிற்று. தானும் அதனைக் கூட்டிப் பார்த்ததில்லை.

“விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், அப்பா. இன்னும் ஓர் ஆட்டம், இன்னும் ஓர் ஆட்டம் என்று போய்விடுகிறது” என்றான்.

இச்சொல்லில் பொய் இல்லை. ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூலார் புறாக்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். பொறியைக் கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை நிறுத்திற்று. எப்போது கிடைக்கும் என்று அறியாதபடி, ஒரு முறை கொடுத்தும் பல முறை மறுத்தும் பழக்கிய புறாவோ, தானியம் நின்ற பின்னரும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. கைப்பேசி விளையாட்டில் பரிசுகளும் வெற்றிகளும் வருவது இரண்டாம் வகையில். முடிவு என்னும் ஓர் இடம் அதில் அமைக்கப்படுவதே இல்லை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு எதிரே நிற்பது அத்தகைய பொறி என்பதைத் தண்டிப்பவர் மறத்தலாகாது. அதனால் அவன் செயல் குற்றமன்று ஆகிவிடவும் இல்லை.

“என்ன செய்யலாம், நீயே சொல்” என்றார் தந்தை.

“ஒரு மாதம் தொடவே மாட்டேன்.”

“ஒரு மாதம் உன்னாலும் முடியாது, காவல் காக்க என்னாலும் முடியாது. முடியாததைப் பேசினால் நாலாம் நாள் இருவரும் பொய்யர் ஆவோம்.”

பேசி முடித்தது இது: ஏழு நாள் விளையாட்டு இல்லை. பாடத்திற்கு வேண்டுமாயின் கூடத்தில் அனைவரும் காண அமர்ந்து பார்க்கலாம். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. இழந்த உறக்கத்தை ஈடு செய்தல் அத்தண்டனையின் கூறு. மாலையில் திடலில் பந்தாடப் போவதும், ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டிற்குச் செல்வதும் அதில் சேரவில்லை. அவற்றிற்கும் குற்றத்திற்கும் தொடர்பில்லை. எட்டாம் நாள் கைப்பேசி கிடைக்கும். அதன்பின் பழங்கதையை எவரும் எடுத்தல் கூடாது.

“கைப்பேசி வழக்கு முடிந்தது. இன்னொரு வழக்கு இருக்கிறது” என்றார் தந்தை.

பையன் தலை குனிந்தான். அதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது. தங்கையை அழைத்து, எல்லோர் முன்னும், “அன்று எடுத்தது நான்தான். உன்மேல் பொய் சொன்னேன்” என்றான். அவள் இழந்த அரை மணி நேரம், எட்டாம் நாள் அவனுக்குக் கிடைக்கும் ஒரு மணியிலிருந்து தரப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. சிறுமி அதனைக் கேட்டு மகிழ்ந்தாளில்லை. சுவரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், “சாப்பிடும்போது ஒருவரும் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அப்பா தினமும் பார்க்கிறாரே?” என்றாள்.

கடைக்கு வரும் அளவுகளும் துணியின் படங்களும் அவ்வேளையில்தான் வரும் என்று தந்தை தொடங்கினார். பாட்டி சிரித்துவிட்டார். தந்தை மேலே பேசாமல் எழுந்து, தம் கைப்பேசியையும் கொண்டுபோய் மாடத்தில் வைத்தார்.

அவ்வாரம் இனிதாகக் கழிந்தது என்று கூறுவதற்கில்லை. மூன்றாம் நாள் பையன் கதவைச் சாத்திக்கொண்டான்; இரவு உணவு வேண்டாம் என்றான். தாயின் மனம் இளகிற்று. “போதும், கொடுத்துவிடலாமே” என்றார். இத்தகைய இரக்கம் கேடு பயக்கும். முன்பு கூறிய புறாவை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். ஒரு முறை அழுது பெற்ற பிள்ளைக்கு, இனி எத்தனை முறை அழ வேண்டும் என்பதே கணக்கு. தந்தை கைப்பேசியைக் கொடுக்கவில்லை. சோற்றைத் தட்டிலிட்டு மூடிக் கதவருகே வைத்தார். பத்து மணியளவில் தட்டு உள்ளே சென்றது. தங்கையோ மூன்று நாள் அண்ணனோடு பேசவில்லை. அதற்கு எந்தத் தாளிலும் விதி எழுத முடியாது. காலம் செய்ய வேண்டிய வேலை அது.

எட்டாம் நாள் மாலை கைப்பேசி கையில் வந்தது. முதல் அரை மணி தங்கைக்குப் போயிற்று. நாட்காட்டித் தாளின் கீழ்ப்பகுதியில், முன்பு எழுதாமல் விட்ட வரி இப்போது பையனின் கையெழுத்திலேயே ஏறியிருந்தது: மிகுந்த நேரம் மறுநாள் கழிக்கப்படும்; இரவில் எடுத்தால் ஏழு நாள்; அப்பாவுக்கும் இதே.

சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் மாலை தந்தை கடையிலிருந்து வந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். பையன் அருகில் வந்தான்.

“அப்பா, இன்று பத்து நிமிடம் மிகுந்துவிட்டது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதனை வேறு எவரும் கண்டிலர். அவன் சொல்லாவிடில் தெரிந்திருக்கவும் வழியில்லை.

“நாளைக்கு ஐம்பது” என்றார்.

“சரி, அப்பா” என்றான் அவன். மறுநாள் மாலை கடிகாரத்தை நோக்கியபடியே அமர்ந்திருந்தவள் தங்கை.